ஒரு வருஷத்துக்குக் கறி

ஃப்ரீசர் கதவு மூட மாட்டேன் என்றது. வாத்தியார் முதலில் உள்ளங்கையால் தள்ளினார், பிறகு தோளால், கடைசியில் முழங்காலால். உள்ளேயிருந்து ஒரு கறிப் பொட்டலம் வழுக்கிக்கொண்டு வந்து அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது. கல்லாக உறைந்திருந்தது.

"எதுக்கு இவ்வளவு கறியை வாங்கி அடைச்சு வெச்சிருக்கே?" என்றார், விரலைப் பிடித்துக்கொண்டு.

"ரொம்ப இளசா இருந்துச்சாம்," என்றாள் மனைவி. "பெரிய துண்டா வெச்சா மாசக்கணக்கில தாங்குமாம். கைமாவைத்தான் சீக்கிரம் தீர்த்துடணுமாம். காத்துப் புகாம சுத்தலைன்னா வெள்ளை வெள்ளையாப் பூத்து, மென்னா அட்டை மாதிரி இருக்குமாம்."

"இதெல்லாம் யாரு சொன்னது?"

"கறிக்கடைக்காரர்."

வாத்தியாரின் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவர் அவர். ஆயுசில் பாதியை அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே கழித்துவிட்டார். வயிறு எரிந்தால் வீட்டிலும் அந்தக் கால் பிரேக்கைத் தேடும். கொஞ்ச நாளாக அடிக்கடி தேடுகிறது.

தெருமுனைக் கறிக்கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் கத்தியை ஓங்கும்போது தோள் இரண்டும் தனித்தனியாக எழுந்து நிற்கும். வாத்தியாருக்குத் தோள் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கழுத்து முடிகிற இடத்தில் கை ஆரம்பித்துவிடும்.

"நீங்களே சொல்லுங்க அத்தை. கறி வெட்டுற ஆளோட பேச்சையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாறதா?"

மாமனார் காலமானபின் தனியாக இருந்து, கண் ஆபரேஷனுக்குப் பிறகு மகள் வீட்டில் தங்க வந்திருந்த மாமியார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணைக் கரிக்குது மாப்பிள்ளை," என்று எழுந்து போய்விட்டார்.

கடைக்குப் போனால்தானே பேச்சு? வாத்தியார் யோசித்தார். ஓய்வு நேரத்தில் ஃபோனில் படித்தும் பார்த்தார். விடாமல் உறைநிலையில் இருக்கிற இறைச்சி கெட்டுப்போவதில்லை, நாளாக நாளாக ருசிதான் போகும், முழுத் துண்டுகள் ஒரு வருஷம்கூட நன்றாக இருக்கும் என்று போட்டிருந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வருஷம். கறிக்கடைக்காரர் முகமே மறந்துபோகும்.

அந்த வாரமே ஒரு பெட்டி ஃப்ரீசர் வாங்கிக் கூடத்தில் வைத்தார். தொலைவில் உள்ள வேறொரு கடையில் முழு ஆடு ஒன்றை வாங்கி வந்து கொட்டினார்.

"இனி ஒரு வருஷத்துக்கு யாரும் கறிக்கடைப் பக்கம் போக வேண்டாம்," என்று அறிவித்தார்.

"ஒரு வருஷமா?" என்று கேட்டது மாமியார். குரல் கம்மியிருந்தது.

மறுநாளும் கறி கெட்டியாகவில்லை. நடுவில் கை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கியது.

"எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டா எப்படி உறையும்?" என்ற மனைவி, வாத்தியார் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் ஆளனுப்பிவிட்டாள். கறிக்கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. புதிதாகச் சாயம் பூசிய மீசை. கூடமெல்லாம் சோப்பு வாசனை.

"சின்னச் சின்னப் பொட்டலமாப் பிரிச்சு, காத்தை அமுக்கி எடுத்துட்டு, இடம்விட்டு அடுக்கணும் தம்பி. உறைஞ்சப்புறம் நெருக்கி வெச்சுக்கலாம். ஐஸ் விட வெளிய வெக்காதீங்க. முந்தின நாளே ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க."

சொன்னதோடு நிற்காமல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு தானே அடுக்கியும் கொடுத்தார். மனைவி டீ கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"டீன்னா இதுதான்," என்றார்.

சமையலறைக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. வாத்தியாரின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

அவர் அடுக்கிய கறி நாறினால் அவர் மானமும் சேர்ந்து நாறும் என்று கணக்குப் போட்டார் வாத்தியார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிற சாக்கில் பெட்டி ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

சாயங்காலம் மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு வந்தார். வாசனை எதுவும் இல்லை. மனைவி ஒரு பொட்டலத்தைச் சுவரில் தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்றது.

"பிளக்கு கழண்டு கிடந்துச்சுங்க. நான் பதறிப்போயிட்டேன். ஆனா நிறைஞ்ச பெட்டியைத் திறக்காம விட்டா ரெண்டு நாள்கூட குளிரு நிக்கும்னு அவர் சொன்னாராம். அப்படியே இருக்கு பாருங்க. என்ன அறிவு அந்த மனுஷனுக்கு."

வாத்தியாருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ஒரு பல் டாக்டருக்கு வண்டி பழக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் சைக்கிளுக்குக்கூட வழிவிட்டு ஓட்டுகிறவர். எதிர்ச்சாரியில் மனைவி போனாள். நல்ல உடுப்பு, தலை நிறையப் பூ, கையில் பழக்கூடை. கறிப் பை இல்லை. நேரே கறிக்கடைக்குப் போய், பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தாள்.

"அந்தக் கடைக்கு விடுங்க டாக்டர்."

"சார், நான் இன்னும் ரைட்ல திரும்பக் கத்துக்கலையே."

"இப்பக் கத்துக்குங்க."

வண்டி திக்கித் திணறித் திரும்பி, கடை வாசலில் விக்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். வாத்தியார் ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனார்.

வெட்டுக்கட்டை ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. கழுவிய தரையில் நாற்காலிகள். ஒன்றில் மனைவி. எதிரே கறிக்கடைக்காரர், வாத்தியாரைப் பார்த்ததும் எழுந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

"வீட்டுல ஒரு வருஷத்துக்குக் கறி கிடக்கு," என்றார் வாத்தியார். "அப்படியும் உன்னைத் தடுக்க முடியலை. எனக்கு அடுக்கத் தெரியாதுதான். அதுக்காக இப்படியா?"

"என்னங்க பேசறீங்க? முதல்ல உக்காருங்க. நானே உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சுக்கிட்டிருக்கேன்."

"சொல்ல என்ன இருக்கு? ஐயா, நேராவே கேக்கறேன். எங்க வீட்டுப் பொம்பளை மேல உங்களுக்கு ஆசைதானே?"

கறிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். "ஆமா தம்பி," என்றார் மெதுவாக. "மறைக்க விரும்பலை."

வாத்தியார் பிரேக்கை மிதித்தார். எதுவும் நிற்கவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து கறிக்கடைக்காரரின் அக்கா டீத்தட்டோடு வந்தாள். வாத்தியாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"உங்க சம்மதம் இல்லாம முடியாதுன்னு உள்ள அழுதுக்கிட்டிருக்காங்க. நீங்கதானே தம்பி, பொண்ணோட மருமகன்?"