என்னைப் பாக்காதீங்க, அவரைப் பாருங்க

கல்யாணம், காதுகுத்து, பெண் பார்ப்பது எதுவானாலும் நெய்வேலியில் முதலில் கேட்கும் கேள்வி, "அன்னிக்கு மாமாவுக்கு என்ன ஷிஃப்ட்?" என்பதுதான். நல்ல நேரமெல்லாம் அதற்குப் பிறகு. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த மனிதரை முகூர்த்தத்துக்கு உட்கார வைத்தால் அவர் உட்கார்ந்தபடியே தூங்குவார், ஃபோட்டோவிலும் அப்படியே விழுவார். (எங்கள் நிக்காஹ் ஆல்பத்தில் என் சின்ன மாமா எல்லாப் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். பார்க்கிறவர்கள், அவர் இறைவனிடம் துஆ கேட்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை.)

இப்படிப்பட்ட ஊரில், ஷிஃப்ட் வேலைக்காரர்களை வைத்து ஒரு நாடகம் போடலாம் என்று என் வீட்டுக்காரர் சலீம் கிளம்பினார். அவர் சுரங்கத்து ஸ்டோரில் ஜெனரல் ஷிஃப்ட். மாலையில் சும்மா இருக்கிறவர். சும்மா இருக்கிற மனிதரை யார் தடுக்க முடியும்? நான்தான் தடுத்திருக்கவேண்டும். நானோ, "உடுப்பு தைக்கிற வேலைய எங்கிட்ட விடுங்க" என்று நடுவில் போய் நின்றேன். நகரியத்துக் கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன் என்ற திமிர்.

நாடகம் நடக்கப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நகரியத்தின் கடைசி பிளாக்கைத் தாண்டி முந்திரித் தோப்பு ஓரமாகப் போனால் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒரு பழைய சினிமாக் கொட்டாய். தகரக் கூரை. சினிமா ஓட்டுவது எப்போதோ நின்றுவிட்டது. அதன் சொந்தக்காரர் ஏகாம்பரம் அண்ணன் விவசாயி. தை பிறந்து பங்குனி முடியும்வரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டாயை எங்களுக்கு விட்டிருந்தார். அதைத்தான் நாங்கள் பெரிய தோரணையாக 'சீசன்' என்று சொல்லிக்கொண்டோம்.

அந்த சீசனை நினைத்தால் எனக்கு இப்போதும் மிளகாய் பஜ்ஜி வாசனை அடிக்கிறது. நகரியத்திலிருந்து நாங்கள் வண்டியிலும் சைக்கிளிலும் போவோம். கிராமத்து ஜனம் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரும். ஒரு வாரம் வில்லுப்பாட்டு, ஒரு வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நடனம், ஒரு வாரம் பட்டிமன்றம். மேஜிக் வாரத்தில் தொப்பியிலிருந்து வந்த புறா கூரைச் சட்டத்தில் போய் உட்கார்ந்ததுதான், மேஜிக்காரர் ஊருக்குப் போன பிறகும் இறங்கவில்லை. பட்டிமன்றத்தை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். எவ்வளவு அழகான சாயங்காலங்கள்! அப்போது அதெல்லாம் தெரியவில்லை. மாவரைக்கிற வேலை கிடக்கிறதே என்றுதான் புலம்பிக்கொண்டிருப்பேன்.

கடைசி வாரம் எங்கள் நாடகம். அதற்கு முன்னால் ஏகாம்பரம் அண்ணன் வந்து ஒரு குண்டைப் போட்டார்.

"சலீமு, உரக் கடைக்காரரு வந்து வந்து கேட்டுக்கினு இருக்காரு. கொட்டாய மூட்டை அடுக்கத் தரச் சொல்றாரு. எனக்கு மனசு இல்லதான். ஆனா ஒண்ணு. கடைசி வாரம் ஜனம் கண்ணைத் தொடைச்சிக்கினு வூட்டுக்குப் போவணும். அழுவாம பாக்கறதுக்குப் பேரு நாடகமா? அழுதுச்சின்னா அடுத்த வருஷமும் கொட்டாய் உங்களுக்கு. இல்லன்னா மூட்டைக்கு."

என் வீட்டுக்காரர் அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டார். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி பல வருஷம் கழித்துச் சந்தித்துக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், இதுதான் கதை. அண்ணனாக துரைராஜ் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நகரியத்திலேயே தலை நரைத்தவர். தம்பியாக குமரவேலு. குள்ளஞ்சாவடிப் பையன், வேலை பெர்மனென்ட் ஆன குஷியில் எதற்குக் கூப்பிட்டாலும் வருவான்.

இரண்டு பேரும் வேறு வேறு மைன்ஸ். இவருக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அவனுக்கு நைட். இவர் ஷிஃப்ட் மாறினால் அவனுக்கும் மாறும். இவர் விழித்திருக்கும்போது அவன் தூங்குவான், அவன் பல் துலக்கும்போது இவர் பஸ் ஏறியிருப்பார். அதனால் என் வீட்டுக்காரர் கதையையே ஷிஃப்ட்டுக்குத் தகுந்தமாதிரி எழுதினார். முதல் பாதி முழுக்க அண்ணன் தனியாகப் புலம்புவார். அடுத்த பாதியில் தம்பி தனியாகப் புலம்புவான். கடைசியில் மட்டும் சந்திப்பு.

"சண்டை சீன் எங்க?" என்று கேட்டேன்.

"சண்டை எல்லாம் நாடகம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சி" என்றார்.

ஒத்திகைக்கு அண்ணாச்சி வரும்போது தம்பி வேண்டும், குமரவேலு வரும்போது அண்ணன் வேண்டும். யார் நிற்பது? "நான் இருக்கேன்ல" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் என் குடும்பம் ஆளுக்கொரு வேலையைச் சொல்லிக்கொண்டு நழுவும்.) தையல் மெஷினைக் கொட்டாய்க்கே கொண்டுபோய், மேடையின் வலது ஓரத்தில் ஓர் இரும்புத் தூண் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். தைத்துக்கொண்டே இரண்டு பேருக்கும் ஜோடி கொடுத்தேன்.

ஜோடி என்றால் என்ன ஜோடி? வாய் நிறையக் குண்டூசி. வசனம் எங்கே சொல்வது? நான் "ம்" என்றால் அவர்கள் ஆரம்பிப்பார்கள். ஒரு வரி சொல்லி நிறுத்தினால் இன்னொரு "ம்". அவர்கள் அடுத்த வரிக்குப் போவார்கள். கட்டிப்பிடிக்கிற இடம் வந்ததும் பெரிய சங்கடம். அண்ணாச்சி, "தங்கச்சி, இது எப்படிம்மா?" என்று நெளிந்தார். நான் கத்தரிக்கோலைத் தூக்கித் தூணைக் காட்டினேன். அவர் ஓடிவந்து தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுநாள் குமரவேலுவுக்கும் அதே கத்தரிக்கோல், அதே தூண். அவன் அழுத அழுகையில் எனக்கே தையல் கோணிப்போனது. "பிரமாதம், இப்படியே பண்ணு" என்றேன். அந்த மூணு வார்த்தைக்காக என்னை நானே அறைந்துகொள்ளவேண்டும்.

நாடக நாள் வந்தது. கொட்டாய் நிறைந்து வெளியிலும் நின்றார்கள். முன்வரிசையில் ஏகாம்பரம் அண்ணன், அழுவதற்குத் தயாராகத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் என் மாமியார், என் நாத்தனார்கள், என் மகள் ஆயிஷா. நான் பக்கத் திரைக்குப் பின்னால் மெஷினோடு உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிஷம்வரை பட்டன் தைத்ததில் புடவை மாற்ற நேரமில்லை. நைட்டி, அதன் மேல் ஒரு துப்பட்டா. திரைக்குப் பின்னால் யார் பார்க்கப்போகிறார்கள்? கடைசியில் பொன்னாடை போர்த்தும்போது கட்டிக்கொள்ள நல்ல புடவை ஒன்று பையில் இருந்தது. (அது அன்றைக்குப் பையை விட்டு வெளியே வரவேயில்லை.)

அண்ணாச்சி முதல் பாதியில் புலம்பினார். கொட்டாய் உச்சுக்கொட்டியது. குமரவேலுவுக்கு மாற்று ஆள் லேட்டாக வந்ததால் அவன் மைன்ஸிலிருந்து நேராக வண்டியில் பறந்துவந்து, மூச்சு வாங்கியபடியே மேடை ஏறினான். அந்த மூச்சே நடிப்பாக அமைந்துவிட்டது. பின்வரிசையில் ஓர் அம்மா மூக்கை உறிஞ்சினாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். உர மூட்டையாவது, ஒண்ணாவது! நான் நிம்மதியாக ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கடித்தேன்.

கடைசி சீன். மேடை நடுவில் ஒரு டிரங்குப் பெட்டி மேல் அண்ணாச்சி. இடது பக்கமிருந்து குமரவேலு வந்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

பேச்சே இல்லை.

முதலில் ஜனம் அதை உருக்கம் என்று நினைத்தது. எனக்குத்தான் நடு முதுகில் சில்லென்று ஏறியது. அவர்கள் என் "ம்"முக்காகக் காத்திருந்தார்கள்! என் வாயில் கொதிக்கக் கொதிக்க பஜ்ஜி. எப்படியோ விழுங்கிவிட்டு "ம்" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வசனத்தை ஆரம்பித்தார்கள். அதுவும் ஒருவரைப் பார்த்து ஒருவர் இல்லை. பழகின முகத்தைப் பார்த்தால்தானே வசனம் வரும்? இரண்டு பேரும் திரும்பி, பக்கத் திரை இடுக்கில் தெரிந்த என்னைப் பார்த்து உருகினார்கள்.

"அண்ணா! என்னைத் தெரியலையா அண்ணா?" என்று குமரவேலு என்னைக் கேட்டான்.

"தம்பீ! இத்தனை வருஷமா எங்கடா போயிருந்தே?" என்று அண்ணாச்சியும் என்னைத்தான் கேட்டார்.

கொட்டாய் முழுக்கக் கழுத்தை நீட்டியது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? அண்ணனுக்கும் தெரிந்த, தம்பிக்கும் தெரிந்த மூன்றாவது ஆளா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தப் பக்கம் திரும்பாதீர்கள், நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள் என்று ஜாடை காட்டக் கையைத் தூக்கினேன்.

கையில் கத்தரிக்கோல் இருந்தது.

கத்தரிக்கோல் உயர்ந்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் மனப்பாடம். அண்ணாச்சி பெட்டியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். குமரவேலு இடது கோடியிலிருந்து, கூடப்பிறந்த அண்ணன் உட்கார்ந்திருந்த பெட்டியைத் தாண்டிக்கொண்டு, அவருக்குப் பின்னாலேயே ஓடிவந்தான். அவர் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நடுவில் தூண். இரண்டு பேரும் தூணைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் வைத்து, கதறிக் கதறி அழுதார்கள்.

தூண் ஆடியது. அதில் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. பக்கத் திரை (நானே தைத்தது, கெட்டித் துணி) பொத்தென்று விழுந்தது. கூரையிலிருந்த புறா பயந்து இறங்கி என் மெஷின் மேல் உட்கார்ந்தது. நைட்டியில் நான். ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் பாதி பஜ்ஜி. அவ்வளவு பெரிய ஜனக்கூட்டத்துக்கு முன்னால்.

முன்வரிசையில் ஆயிஷா நாற்காலி மேல் ஏறி நின்று, "அது எங்கம்மா!" என்று ஊருக்கே அறிவித்தாள்.

அப்போதாவது எழுந்து ஓடியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? தூணோடு தூணாக நின்று இன்னமும் என் முகத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"என்னைப் பாக்காதீங்க! அவரைப் பாருங்க!"

அண்ணாச்சி தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தார். மைக் பக்கத்தில் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"தம்பி, நீங்கதான் குமரவேலா?" என்றார்.

"ஆமாங்க அண்ணாச்சி. ராபியா அக்கா உங்களப் பத்தி நெறய சொல்லிக்கினே இருப்பாங்க" என்றான் அவன்.

அவ்வளவுதான். கொட்டாய் வெடித்தது. தகரக் கூரை அதிர அதிரச் சிரித்தார்கள். பாயில் உருண்டார்கள். என் மாமியாரை அதற்கு முன்பும் பின்பும் நான் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. நானோ விழுந்த திரையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, பூமி பிளக்காதா என்று உட்கார்ந்திருந்தேன். என் நைட்டி போனால் போகிறது, கொட்டாய் போச்சே என்றுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கூட்டத்தில் நிஜமாக அழுதவள் நான் ஒருத்திதான்.

கூட்டம் கலைந்ததும் ஏகாம்பரம் அண்ணன் மேடைக்கு வந்தார். துண்டு தொப்பலாக நனைந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேச முடியாமல் நின்றார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"என்னாத்துக்கு? ஜனம் கண்ணைத் தொடைச்சிக்கினுதான போவுது? நான் கேட்டது அதான. அடுத்த வருஷமும் இதே நாடகந்தான் போடணும். அந்தத் தூணும் இருக்கணும், அந்தம்மாவும் இருக்கணும். சொல்லிட்டேன்."

சோக நாடகம் எழுதியவருக்கு அது பெரிய அடி. அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் உர மூட்டைகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. கொட்டாயில் சீசன் இப்போதும் நடக்கிறது. அந்தத் தூணுக்கு யாரோ மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள்.

நான் கத்திய அந்த வரி மட்டும் என்னை விட்டுப் போகவேயில்லை. வீட்டில் குழம்பில் உப்பு கூடினாலும், கரண்ட் பில் கட்ட மறந்தாலும், "அம்மா, என்னைப் பாக்காதீங்க, அத்தாவைப் பாருங்க" என்று அப்பாவைக் கைகாட்டுவாள் ஆயிஷா. கடைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள்கூடக் கண்ணாடியைக் காட்டி அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். துணி தைக்கக் கொடுத்தால் சரி.

போன வருஷம் அண்ணாச்சி ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். இங்கே எல்லோருக்கும் அதுதான். லாரியில் கட்டில், பீரோ, முருங்கைக்கன்று வைத்த தகர டப்பா எல்லாம் ஏற்றியாகிவிட்டது. நாடகத்துக்குப் பிறகு இத்தனை வருஷமும் ஷிஃப்ட்டுக்கு நடுவே கிடைத்த அரைமணி நேரத்தில் டீ குடித்துக் குடித்தே அண்ணன் தம்பி ஆகிவிட்ட குமரவேலு, நைட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து சாமான் ஏற்றினான். கிளம்புகிற நேரம். இரண்டு பேரும் லாரிக்குப் பக்கத்தில் எதிரெதிராக நின்றார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். இவன் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இந்தத் தடவை என் கையில் கத்தரிக்கோல் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"என்னைப் பாக்காதீங்க. அவரைப் பாருங்க."

பார்த்தார்கள். அங்கே தூண் எதுவும் இல்லை. லாரி டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். என் வீட்டுக்காரர் போய், "கொஞ்சம் பொறுங்க, இந்த சீன் இன்னிக்குத்தான் சரியா வருது" என்று சொல்லிவிட்டு வந்து, என் துப்பட்டா முனையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.