ஆக்லாந்தில் நிறபேதம் ஒழிந்த மாலை

நிறபேதத்தை ஒழிக்க உலகில் போர்கள் நடந்தன. பெரிய மனிதர்கள் சிறைக்குப் போனார்கள். எங்கள் ‘தென்கடல் தமிழ்ச் சங்கம்’ அதை ஒரே சனிக்கிழமை மாலையில், மவுண்ட் ஆல்பர்ட்டில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், இடைவேளையில் வடை காபியுடன் ஒழித்துக் காட்டியது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்த மகத்தான நிகழ்வைப் பதிவு செய்வது என் கடமை.

ஒழிப்பதற்கு நாடகமே உகந்தது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். கதை கண்மணி அக்காவுடையது. ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் அவர் ஃபிஜியில் பிறந்தவர். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், தீவுகளின் கரும்பு துரைமார்களுக்காகத் தன்னைத் தானே வெட்டிக்கொள்ள மறுத்துவிட்டது. ஆகவே ‘ஒப்பந்தம்’ என்ற நாகரிகமான ஏற்பாட்டில் நம்மவர்களைக் கப்பலேற்றினார்கள். அப்படிப் போன முனியம்மாதான் கண்மணி அக்காவின் அம்மாவைத் தூக்கி வளர்த்த பாட்டி. தூரத்துத் தீவுகளின் துயரங்களை மொழிபெயர்ப்பு நாவல்களில் படித்து ரயிலிலேயே கண்கலங்குபவன் நான். அப்படியொரு தீவுக்காரரான அக்கா தினமும் எதிர் இருக்கையில் வருவதை மட்டும் அதுவரை கவனித்ததில்லை. நாடகத்தை நானே எழுதினேன்.

துரை வேடத்துக்குக் கடும் போட்டி. டாக்டர்கள், இன்ஜினியர்கள், இரண்டு மாமன்மார், எல்லாருக்கும் வெள்ளைக்காரராக ஆசை. சங்கத் தலைவர் சதாசிவம் அதை ‘ஜனநாயக முறைப்படி’ தனக்கே வழங்கிக்கொண்டார். முனியம்மா வேடம் கேட்டு வந்தவர் ஒருவர்தான்: கண்மணி அக்கா.

கப்பலை விட்டு இறங்கும் காட்சியை அவர் நடித்துக் காட்டினார். யாரும் அசையவில்லை. தலைவரின் மனைவி பங்கஜம் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கலந்துரையாடல் நடந்தது.

“பிரமாதம்மா,” என்றார் தலைவர். “ஆனா ஹீரோயின்னா கடைசி வரிசைக்கும் தெரியணும்ல?”

“லைட்டுக்கு எடுபடாது, தலைவர்,” என்றார் ஒளியமைப்புப் பொறுப்பாளர் இரத்தினசிங்கம் அண்ணை. “நான் நிறத்தைக் கதைக்கேல்லை. டெக்னிக்கலாச் சொல்லுறன்.”

“நான் தெரியலன்னா லைட்டைக் கூட்டுங்க அண்ணே,” என்றார் கண்மணி அக்கா.

“கூட்டினா மற்ற ஆக்களுக்குக் கண் கூசும், தங்கச்சி.”

முனியம்மா வேடம் தலைவரின் மகள் வைஷாலிக்குப் போனது. அவள் எலுமிச்சை நிறம். வரலாற்று உண்மைக்கு ஊறு நேரக் கூடாதென்று அவளுக்குக் கறுப்பு பூசுவதாகத் தீர்மானித்தோம். எவ்வளவு கறுப்பு? நகர மையத்தில் வாங்கிய மேக்கப் புட்டிகளைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கண்மணி அக்காவின் முன்கையில் தடவிப் பொருத்தம் பார்த்தோம். இந்தச் சேவைக்காக அவருக்கு ‘வரலாற்று ஆலோசகர்’ பதவியும் வழங்கப்பட்டது.

“கையை ஆட்டாதம்மா,” என்றார் பங்கஜம் ஆன்ட்டி. “ஷேடு தப்பிடுது.”

“எங்கம்மா ஃபிஜியிலேருந்து வர்றாங்க ஆன்ட்டி. அவங்க பாட்டியைப் பார்க்கணும்னு. அவங்களுக்கு அடையாளம் தெரியற மாதிரியாவது பூசுங்க.”

“அச்சு அசலா இருக்கும். நீ கவலையே படாதே.”

விழா நாளில் முன்வரிசையில் நகரசபை உறுப்பினர் ஒருவர் வந்து அமர்ந்தார். அவருக்குப் பக்கத்தில், யாரும் எதிர்பாராமல், ஹாமில்டனிலிருந்து ஒரு குடும்பம். வைஷாலிக்குப் பேசிக்கொண்டிருந்த பையனின் வீட்டார். திரை இடுக்கு வழியாக அவர்களைப் பார்த்த பங்கஜம் ஆன்ட்டி, மேக்கப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

“மம், இட்ஸ் ஜஸ்ட் மேக்கப்,” என்றாள் வைஷாலி.

“அதை மாப்பிள்ளையோட அம்மாகிட்ட யாரு போய்ச் சொல்றது? ‘கழுவினா போயிடும்’னு மைக்ல அறிவிக்கச் சொல்றியா?”

அவசரக் குழு கூடியது. நிறம் முக்கியமல்ல, உணர்ச்சியே முக்கியம் என்ற முற்போக்கான முடிவை நின்றபடியே எடுத்தது. இதே முடிவைக் கண்மணி அக்காவின் விஷயத்தில் எடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அது டெக்னிக்கல்.

ஆகவே முனியம்மா சந்தன நிறத்தில் கப்பலை விட்டு இறங்கினாள். வருஷக்கணக்காக வெயிலில் கரும்பு வெட்டியும் அந்த நிறம் கொஞ்சம்கூட மங்கவில்லை. பவுடர் அப்பிய துரை அவள் பக்கத்தில் நிறத்தில் கொஞ்சம் மட்டமாகவே தெரிந்தார். ஆனாலும், “கருநிறத்தோரே! விரைந்து கரும்பை வெட்டுவீர்!” என்று என் வசனத்தைக் கம்பீரமாக முழங்கினார்.

அப்போது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. கண்மணி அக்காவின் அம்மா. காது மந்தமானவர், அதனால் அவர் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“கண்மணி, எங்க பாட்டி எப்ப வருவாங்க?”

வைஷாலி அரிவாளும் கையுமாக மேடை நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

“இப்ப வந்துடுவாங்கம்மா,” என்றார், ஓரத்தில் நின்ற ‘வரலாற்று ஆலோசகர்’. சொல்லிவிட்டு மேடைப் படியேறினார். வைஷாலி அரிவாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாரம் இறங்கியவள்போல விலகி நின்றாள். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த விளக்கிலேயே அக்கா கடைசி வரிசை வரை தெரிந்தார்.

துரை சவுக்கோடு திகைத்து நின்றார். இதற்கு நாடகத்தில் வசனம் இல்லை. தலைவர் சமாளித்தார்.

“ஏய் கறுப்பி! உன்னை யாருடி மேடையேறச் சொன்னது? இறங்குடி கீழே!”

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கண்மணி அக்கா இறங்கவில்லை. குனிந்து கரும்பை வெட்ட ஆரம்பித்தார். கைதட்டாமல் இருந்தவர் அவருடைய அம்மா மட்டும்தான். அந்தக் குரலைப் பற்றித் தன் பாட்டியிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல, துரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழ் ஒரு சொல்லும் அறியாத நகரசபை உறுப்பினருக்கே சிலிர்த்துவிட்டதாம். கொடுமை இவ்வளவு இயல்பாக வந்து தாம் பார்த்ததில்லை என்று சொல்லி, சிறந்த நடிகர் விருதைச் சதாசிவத்துக்குத் தம் கையாலேயே வழங்கினார். தலைவர் அதை அடக்கத்தோடு பெற்றுக்கொண்டு, “எல்லாம் எழுத்தாளர் தம்பி கொடுத்த வசனம்” என்று என்னைக் கைகாட்டினார்.

நான் எழுந்து மறுத்தேன். பிறருக்குச் சேர வேண்டிய பெருமையை நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்த வசனத்தை நான் எழுதவில்லை. தவிர, அதைச் சொன்ன நேரத்தில் அவர் முகத்துப் பவுடர் வியர்வையில் முழுக்க வழிந்து போயிருந்தது. தன் சொந்த நிறத்தில் நின்றுதான் சொன்னார்.