எழுந்து நின்ற முதலாளி

அக்கரைக்குப் போகும் பன்னிரண்டு மணி பெரிப் படகு புறப்படுவதற்குள் ஜெயராஜ் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

புக்கிட் மெர்தாஜாமில் அரிசி ஆலை வைத்திருந்த பழனியப்பன் அவனுக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பதிலை வாங்கிப் போக அவருடைய ஆள் அய்யாக்கண்ணு காலையிலேயே பினாங்குக்கு வந்து, சூலியா தெருக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்க முதலாளி எப்படிண்ணே?" என்று கேட்டான் ஜெயராஜ்.

"முதலாளி மாதிரி இருப்பாரு."

"கை நீட்டுவாரா?"

"வேலையை ஒழுங்கா செஞ்சா எதுக்கு நீட்டுறாரு?"

இந்தப் பதில் ஜெயராஜுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு மணி நேரம் பொறுங்கண்ணே, வந்து சொல்றேன்" என்று எழுந்தான்.

"பொறுக்கிறேன். ஆனா ஆலை வாசல்ல பதினஞ்சு பேர் நிக்கிறான் தம்பி, ஞாபகம் வச்சுக்க."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு. கித்தா ரப்பரின் விலை விழுந்து, தோட்டங்கள் முடங்கி, ஊரில் பாதிக் கிராணிகள் வெளுத்த சட்டையும் பசித்த வயிறுமாகத் தெருத் தெருவாக அலைந்துகொண்டிருந்தார்கள். ஜெயராஜுக்கு வேலை போய் நான்கு மாதம். போன விதத்தைத்தான் அவனால் மறக்க முடியவில்லை. ஒன்பது வருடம் உழைத்த ஆபீஸுக்கு ஒரு நாள் காலையில் போனால், அவன் நாற்காலியைக் காணோம். பழுது பார்க்கக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணி மத்தியானம்வரை நின்றுகொண்டே எழுதினான். பிறகுதான் பக்கத்து மேசைக்காரர், "உனக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டார்.

அன்றைக்கே ஒரு தீர்மானம் செய்துகொண்டான். இனிமேல் முதலாளி தன்னைப் பார்த்து எடுப்பதற்கு முன்னால், தான் முதலாளியைப் பார்த்து எடுப்பது.

இன்று காலை சுங்கை பினாங் வீட்டில் இதை மனைவியிடம் சொன்னபோது, நவமணி கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "பெரியவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தியாச்சு. இவரு முதலாளிக்குப் பரீட்சை வைக்கப் போறாராம்" என்றாள். ஆனாலும் எதிர்வீட்டு வாத்தியாரிடம் கோட்டும் டையும் இரவல் வாங்கி வைத்திருந்தாள். கோட்டைப் போட்டுவிட்டுக் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அவங்க கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

அவன் டையை இறுக்கிக்கொண்டு புறப்பட்டு வந்திருந்தான்.

ஜபருல்லா கம்பெனி அதே சூலியா தெருவில், ஒரு மாடியில் இருந்தது. கிராணி தேவை என்று அறிவித்திருந்தார்கள். படிக்கட்டில் காமாரியா என்ற நடுத்தர வயதுப் பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். கோட்டைக் கண்டதும் விளக்குமாற்றை ஒதுக்கிப் பிடித்து வழிவிட்டாள்.

"போங்கய்யா. உள்ள காத்துக்கிட்டு இருக்காரு."

உள்ளே ஒரு பெரிய மேசை, இரண்டு நாற்காலி. மேசைக்குப் பின்னால் இருந்த கைவைத்த நாற்காலி காலியாக இருந்தது. சன்னலோரத்து முக்காலிபோன்ற நாற்காலியில், தொப்பி அணிந்த ஒரு பெரியவர் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெயராஜின் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று எழுந்து நின்றார்.

ஜெயராஜ் திகைத்துப் போனான். ஒன்பது வருடத்தில் அவனைக் கண்டு ஈகூட எழுந்ததில்லை.

"உக்காருங்க, உக்காருங்க" என்று பதறினான்.

"நீங்க மொதல்ல உக்காருங்கய்யா" என்று பெரியவர் கைநாற்காலியைக் காட்டினார்.

ஐயாவா! அதுவும் தன்னுடைய சொந்த நாற்காலியில் உட்காரச் சொல்கிறார்! மறுத்தால் மரியாதையாகாது என்று அதன் நுனியில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகே பெரியவர் உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜெயராஜின் முகத்தையே பார்த்தார்.

இவர் எதையும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தது. நேரமோ போய்க்கொண்டிருந்தது. ஜெயராஜ் தொண்டையைச் செருமினான்.

"நான் சில விஷயம் கேக்கலாமா?"

"கேளுங்கய்யா. அதுக்குத்தானே உக்காந்திருக்கோம்."

"உங்களுக்குக் கோபம் வருமா?"

பெரியவர் யோசித்தார். "வயசுல வந்திச்சு. இப்ப யாரு மேல கோபப்பட்டு என்ன ஆகப்போகுது?"

"கூட வேலை செய்றவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அண்ணே, தம்பிதான். வாடா போடா வாயில வராது."

"வேலையில ஒரு தப்பு நடந்துபோச்சு. யாரு பொறுப்பு?"

"நாந்தான்" என்றார் பெரியவர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "யாரு செஞ்சிருந்தாலும் நானே ஏத்துக்குவேன்."

ஜெயராஜுக்குக் கண் கலங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரவல் கோட்டு கொடுத்த தைரியம் அவனை விடவில்லை.

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான் சொல்றாங்க. நாலு மாசம் கழிச்சும் இதே மாதிரி இருப்பீங்கன்னு என்ன நிச்சயம்?"

பெரியவர் முகம் சுருங்கியது. உதடு துடித்தது. "நிச்சயத்துக்கு நான் எங்கய்யா போவேன்? என் முகத்தைப் பார்த்து நம்புனா உண்டு."

ஐயோ, முதலாளியை அழவைத்துவிட்டோமே! ஜெயராஜ் பதைபதைத்து எழுந்தான். மேசைமேல் இருந்த கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி நீட்டினான். சரிசெய்கிற அவசரத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் இத்தனை நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன். வேற யாரையும் நான் பார்க்கப் போறதில்ல."

பெரியவர் குவளையை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப... நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?"

"நாளைக்கே ஆரம்பிக்கலாம்!"

அவர் ஜெயராஜின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடுறேன்யா" என்று தொப்பியைச் சரிசெய்தபடி படியிறங்கி ஓடினார்.

ஒரு கிராணியைச் சேர்த்ததை வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்கிற முதலாளி! ஜெயராஜ் வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

பிறகு கோப்பிக்கடைக்குப் போனான்.

"உங்க முதலாளிகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லுங்கண்ணே. எனக்கு மனுசத்தனம் உள்ள இடமா ஒண்ணு கிடைச்சிடிச்சு."

அய்யாக்கண்ணு கோப்பியைக் குடித்து முடித்தார். "யோசிச்சுச் சொல்றியா? மறுபடி வந்து நின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"நல்லா யோசிச்சிட்டேன்."

"உன் இஷ்டம்" என்று குடையை எடுத்துக்கொண்டு அவர் துறைமுகப் பக்கமாக நடந்தார். சற்று நேரத்தில் பன்னிரண்டு மணி பெரியின் சங்கு கேட்டது. அதைக் கேட்டு ஜெயராஜ் நாலு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான்.

வீட்டுக்குத் திரும்ப நாலடி வைத்தவன் நின்றான். நாளைக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கவே இல்லையே! மறுபடி ஜபருல்லா கம்பெனிப் படியேறினான். காமாரியா மேல்படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏங்கக்கா, முதலாளி வீட்டுலேர்ந்து திரும்பிட்டாரா?"

"முதலாளி காலையிலேர்ந்து இந்தப் பக்கமே வரலியே புது மானேஜரய்யா; ஆனா வேலை கேட்டு வந்த அந்தப் பெரியவருக்கு உடனே வேலை போட்டுக் குடுத்தீங்க பாருங்க, மனுசன் அழுதுகிட்டே ஓடுறாரு, நீங்க நல்லா இருக்கணும்லா!"