இருபத்திரண்டு படி

காரைக்குடியில் எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படி. 'வட்டார இரும்புச்சத்து விழிப்புணர்வு ஒருங்கிணைப்பு அலுவலகம்' என்பது அதன் பெயர். பலகையைப் படித்து முடிப்பதற்குள் பலருக்கு வந்த வேலை மறந்துவிடும். நான் அங்கே எழுத்தர். எங்கள் வட்டாரத்தில் ரத்தசோகை இல்லை என்று பதினோரு வருஷமாக எழுதி வருகிறேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

போன பங்குனியில் கீழச்சிவல்பட்டிப் பாண்டீஸ்வரி வந்தாள். ராணுவத்தில் வேலை பார்க்கிற பெண், விடுப்பில் வந்திருந்தாள். கூடவே அவள் அம்மா நாகஜோதி. மகள் ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேசையில் வைத்தாள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டே முக்கால்.

"மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார். திரும்பிப் போனதுமே அஞ்சு கிலோமீட்டர் ஓட்டத் தேர்வு. ரத்தம் கொறைவுன்னு நீங்க முத்திரை வச்சுக் குடுத்தீகன்னா மூணு மாசம் தள்ளிப் போடுவாக. உடம்பு தேறிரும். இல்லாட்டி..."

இல்லாவிட்டால் ஓடி விழுவாள். விழுந்தால் மலைப்பயிற்சிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நாலு வருஷம் காத்திருந்து ஏறிய பெயர்.

அலுவலர் ஏகப்பன் சீட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"எப்படி வந்தீக?"

"பஸ்ஸுல."

"அதக் கேக்கல. மாடிக்கு?"

"படியேறித்தான்."

"எங்கிட்டாச்சும் உக்காந்தீகளா?"

"இல்ல சார். பழக்கம்."

ஏகப்பன் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கங்க முத்தரசு. மனுதாரர் இருபத்திரண்டு படிகளையும் தங்குதடையின்றி ஏறி வந்துள்ளமையால், குறைபாடு உள்ளதெனக் கருத முகாந்திரம் இல்லை."

எழுதினேன். 'முகாந்திரம்' என்று எழுதும்போதெல்லாம் எனக்குச் சம்பளம் வாங்கியது போல இருக்கும்.

"அப்ப ரத்தச் சீட்டு பொய்யா சார்?"

"சீட்டு ரத்தத்தப் பத்திச் சொல்லுது. நாங்க ஆளப் பத்திச் சொல்றோம். ரத்தம் கொறஞ்சவுகளால படியேற முடியாது. இத்தன வருஷத்துல ஒரு நோயாளிகூட மேல வந்ததில்ல, தெரியுமா?"

நாகஜோதி கேட்டாள்: "அப்ப நெசமாவே முடியாதவுக என்னய்யா செய்வாக?"

"மனு எழுதிப் பெட்டியில போடலாம்."

"பெட்டி எங்கிட்டு இருக்கு?"

"இந்த மாடியிலதான்."

ஆனாலும் எங்கள் அலுவலகத்துக்கு ஈரம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை 'இரும்புப் பெண்கள் ஓட்டம்' வைத்திருந்தோம். இப்போதெல்லாம் எதற்கும் ஓட்டம்தான். கண்மாயைக் காப்பாற்றக்கூடப் போன வருஷம் ஓடினோம். கண்மாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"அதுல ஓடுங்க. அஞ்சு கிலோமீட்டர முடிக்க முடியலன்னா சான்று கையோட" என்றார் ஏகப்பன்.

"வேணும்னு விழச் சொல்றீகளா?"

"சேச்சே. தானா விழணும்."

ராணுவத்தில் ஓடக் கற்றுக் கொடுப்பார்கள். விழுந்தது போல் நடிக்கக் கற்றுக் கொடுப்பதில்லை போலிருக்கிறது. அவள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு காலை முந்நூறு பேர் பனியன் வாங்கிக்கொண்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு இட்லிப் பந்தலுக்குள் போய்விட்டார்கள். ஓடியவர்கள் ஒன்பது பேர். கண்காணிப்புப் பணிக்காக நான் ஸ்கூட்டரில் கூடவே போனேன். மூன்றாவது கிலோமீட்டரில் பாண்டீஸ்வரிக்கு உதடு வெளுத்துவிட்டது. 'நின்னுரும்மா' என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. அவளும் நிற்கவில்லை. முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினாள். தாண்டி நாலடி வைத்து, அப்படியே சரிந்தாள்.

நாகஜோதி அலறிக்கொண்டு சோடாவுடன் ஓடினாள். ஏகப்பன் அளவு நாடாவுடன் வந்தார்.

"கோட்டுக்கு அங்குட்டு நாலடி. ஓட்டம் முடிஞ்சப்பறம் விழுந்தது அவுக சொந்த விஷயம்."

'முழு உடல்தகுதி' என்று அங்கேயே சான்று எழுதி முத்திரை வைத்தேன். அழகான கையெழுத்து என்று நாலு பேர் சொன்னார்கள்.

முதல் பரிசு ஒரு சுவர்க்கடிகாரம். பழைய இரும்புச் சட்டியின் நடுவே ஓட்டை போட்டு, முள் பொருத்தியது. எங்கள் ஊரில் இப்போது அதுதான் நாகரிகம். அடுப்பில் கிடந்தவரை சட்டிக்கு மரியாதை இல்லை. பழம்பொருள் கடைக்குப் போய்ச் சுவரில் ஏறினால் பாரம்பரியம். நாகஜோதி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆத்தி, இது எங்க வீட்டுச் சட்டில்ல! கொல்லன்ட்டக் குடுத்து ஒட்டுப் போட்ட காது. கன்னங்கரேல்னு இருக்கேன்னு கடையில போட்டுட்டு நான்ஸ்டிக் வாங்குனேன்." ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "திரும்ப வந்துச்சேன்னு இவளுக்கு ரத்தம் ஊறக் கீரை வதக்கலாமுன்னா, ஒழுகுமே அய்யா!"

"மணி பாருங்க" என்றார் ஏகப்பன்.

பாண்டீஸ்வரி சான்றோடு ரயிலேறினாள். பத்து நாள் கழித்து நாகஜோதி அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஓட்டத் தேர்வில் மகள் மூன்றாவது கிலோமீட்டரில் விழுந்துவிட்டாளாம். பட்டியலில் பெயர் இல்லையாம். எங்கள் பதிவேட்டில் இருக்கிறது: முதலிடம், முழு உடல்தகுதி.

போனை வைத்த நேரம், என் மனைவி அம்மாக்கண்ணு மதியச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். பத்தாம் படியில் உட்கார்ந்தாள். பதினாறாம் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தூக்குவாளியை மேசையில் வைத்த கையில் நகமெல்லாம் வெள்ளை. எங்கள் வீட்டுச் சட்டியும் போன தீபாவளியிலிருந்து கூடத்தில் மணி காட்டிக்கொண்டிருக்கிறது.

"கண்ண இருட்டுதுங்க. நீங்கதான் இந்த ஆபீசுல இருக்கீக, ஒருக்கா ரத்தம் பாக்கச் சொல்லுங்களேன்."

பயந்துதான் போனேன். ஆனால் பதினோரு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"இருபத்திரண்டும் ஏறிட்டேல்ல?" என்றேன்.