பல்பு கொடுத்த சம்மதம்

அந்த மாதம் ஓடைமேட்டுக்கு வந்த கூட்டத்தில் பாதி, மாமல்லபுரம் கடற்கரையைப் பார்க்கக் கிளம்பிய கூட்டம். வழியில் விஷயம் கேள்விப்பட்டு, கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று வண்டியைத் திருப்பிவிட்டது. புதுப்பட்டினத்திலிருந்து ஷேர் ஆட்டோ, அச்சரப்பாக்கத்திலிருந்து வேன். ஊரப்பாக்கத்துக் குடும்பம் ஒன்று ஏசியை அணைக்க மனமில்லாமல் காருக்குள் இருந்தபடியே கும்பிட்டது. எல்லாரும் பார்க்க வந்தது ஒரு பல்பை.

லேசுப்பட்ட பல்பு இல்லை. ஒயர் கிடையாது, சுவிட்ச் கிடையாது. மேலெல்லாம் சந்தனம், நடுவில் குங்குமம். பகலவன் சித்தர் அதைக் கையில் பிடித்துக் கேள்வி கேட்டால் சூரிய பகவானே பதில் சொல்வார். எரிந்தால் ஆமாம், எரியாவிட்டால் இல்லை. கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் எரிந்துகொண்டிருக்கும் சூரியனுக்கு, உள்ளூர்க்காரன் துரை வாங்கப் போகும் பழைய ஸ்கூட்டர் ராசியானதா என்பதிலும் அக்கறை இருந்தது.

ஆடு வளர்க்கும் காசியம்மாளுக்கும் அந்தப் பல்பின்மேல் ஏக பக்தி. ஒருநாள் குட்டி ஒன்று காணாமல் போயிற்று. "திரும்பி வருமா சாமி?" என்று கேட்டாள். பல்பு எரியவில்லை. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனால், குட்டி அங்கே நின்று துவரஞ்செடியைத் தின்றுகொண்டிருந்தது. சூரியன் மனசு மாறிவிட்டார் என்று நினைத்து, மறுநாள் பல்புக்கு ஒரு முழம் கதம்பம் வாங்கிப் போனாள்.

இந்த நேரத்தில்தான் சூரிய மின்சாரத் திட்டம் வந்தது. ஊரின் மேய்ச்சல் புறம்போக்கில் வரிசையாகக் கண்ணாடித் தகடு பதிப்பார்களாம். புகை இல்லை, கரி இல்லை, நல்ல காரியம்தான். ஆனால் மக்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று சட்டம். அதனால் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதன்மேலேயே 'வெளிப்படையான நிர்வாகம்' என்று பெரிய ஃபிளக்ஸ் ஒன்றைக் கட்டினார்கள். அறிவிப்பு அடியில் போய்விட்டது. வெளிப்படை மட்டும் நன்றாக வெளியே தெரிந்தது.

கான்ட்ராக்டர் பூபாலன்தான் ஊருக்கு வழி சொன்னான். சித்தரை ஊருக்குள் அழைத்து வந்து, கொட்டகை போட்டுக் கொடுத்த புண்ணியவானும் அவனே.

"சூரிய கரண்டுதானே? அதுக்கு எதுக்கு ஆளாளுக்குக் கருத்து? சூரியனையே கேட்டுட்டாப் போச்சு. கூட்டத்துல சாமி பல்பைப் புடிப்பாரு. எரிஞ்சா ஊரு சம்மதம்னு எழுதிக்கலாம்."

ஊருக்கு இது ரொம்ப நியாயமாகப் பட்டது. சம்பந்தப்பட்ட ஆளையே கேட்பதில் என்ன தப்பு?

காசியம்மாளுக்கு மட்டும் அப்படிப் படவில்லை. அந்த நிலம் போனால் ஆடுகளை எங்கே ஓட்டுவாள்? மிச்சம் இருப்பது ரோட்டோரம். கார்கள் பறக்கிற பறப்பில், காலையில் ஓட்டிப்போகும் ஆடு சாயங்காலம் முழுசாகத் திரும்பாது. தனியாகப் போய்ச் சித்தரிடம் கேட்டாள்.

"சாமி, என் ஆடு மேயற எடம்தான் பகவானுக்கு வேணுமா?"

பல்பு பளிச்சென்று எரிந்தது.

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டு ஜாய்ஸ், புதுப்பட்டினம் பேக்கரியில் பில் போடுகிறவள், எட்டிப் பார்த்தாள்.

"இன்னா அத்தே, வூடு இருட்டா கீது?"

காசியம்மாள் சொன்னாள். ஜாய்ஸ் கேட்டுவிட்டு, "சரி, பிளானைப் பாத்தியா?" என்றாள்.

"பிளானா? அது சாமியாண்ட இருக்கும்."

"சாமியாண்ட எதுக்கு இருக்குது? கவர்மென்ட் பிளான் அத்தே."

மறுநாள் ஜாய்ஸ் ஊராட்சி ஆபீசுக்குப் போனாள். பூட்டு. வெளியே நின்ற பூபாலன், "அதெல்லாம் இங்கிலீஷ்ல கீதும்மா, உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்றான். ஜாய்ஸ் பி.காம். அதை அவனிடம் சொல்லவில்லை. நேராகச் சித்தரின் கொட்டகைக்குப் போய், கும்பிடுகிற மாதிரி கை கூப்பிக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தன்று ஷாமியானா கொள்ளவில்லை. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி சியாமளா, "மக்கள் பங்கேற்பு என்பது..." என்று ஆரம்பித்து, மக்களைப் பங்கேற்க விடாமல் வெகுநேரம் பேசினார். பிறகு பூபாலன் சைகை காட்ட, சித்தர் எழுந்தார். கமண்டலத்தில் விரலை நனைத்தார்.

"பகலவனே, இந்த ஊரின் மேய்ச்சல் நிலம் உனக்குச் சம்மதமா?"

எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அதிகாரி பேனாவைத் திறந்து, 'ஒருமனதாக' என்று எழுதப் போனார்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று ஜாய்ஸ் எழுந்தாள். "சாமிக்கு ஒரு விண்ணப்பம். கையை நல்லாத் தொடச்சிட்டு, இதே கேள்வியைக் கேக்கணும்."

சித்தர் கண்ணை உருட்டினார். "பகவானைச் சோதிக்காதே, பெண்ணே."

"பகவானை இல்ல சாமி, உங்க துண்டைத்தான். ஆமாம்னு வரணும்னா கமண்டலத்துல கையை வுடறீங்க. இல்லைன்னு வரணும்னா துண்டுல தொடச்சிக்கிறீங்க. அன்னிக்கு கொட்டகையில பாத்துகினுதான் இருந்தேன்."

"அதானே, தொடச்சிட்டுப் புடிக்கட்டுமே" என்றது பின்வரிசை. பக்தி அப்படியேதான் இருந்தது. இலவசமாக இன்னொரு வேடிக்கை கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

வேறு வழியில்லாமல் சித்தர் துடைத்தார். பிடித்தார். கேட்டார். பல்பு செத்தாற்போல் கிடந்தது.

"பகவான் கோபமா கீறாரு" என்றான் பூபாலன்.

"அப்போ வேற ஆள் புடிக்கட்டும்" என்றாள் ஜாய்ஸ்.

"தீட்சை வாங்காதவர் தொட்டால் கருகிப்போவார்" என்றார் சித்தர்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஒருத்தி மட்டும் முன்னால் வந்தாள். காசியம்மாள்.

"நெலம் போனா ஆடு போச்சு. ஆடு போனா நான் இன்னாத்துக்கு? கருகினா கருகிட்டுப் போறேன், குடு."

கமண்டலத் தண்ணீரில் கையை முக்கி, பல்பின் அடிப்பாகத்தை இறுக்கிப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

பல்பு ஜம்மென்று எரிந்தது. காசியம்மாள் கருகவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், பிறகு இரண்டையும். அவள் பின்னாலேயே வந்திருந்த கிடாக்குட்டி, கையில் ஏதோ தின்பண்டம் என்று நினைத்து மூக்கை நீட்டியது. ஜாய்ஸ் பல்பை வாங்கி, அடிப்பாகத்தைக் குட்டியின் வாய்ப்பக்கம் காட்டினாள். குட்டி ஒரு நக்கு நக்கியது. பல்பு எரிந்தது. மறுபடி நக்கியது. மறுபடி எரிந்தது.

முன்வரிசையிலிருந்த சின்னையன் தடாலென்று எழுந்து ஆட்டுக்குட்டியின் காலில் விழுந்தான்.

"எழுந்திரு அண்ணாத்தே" என்றாள் ஜாய்ஸ். முந்தானையால் பல்பின் சந்தனத்தைத் துடைத்தாள். உள்ளேயிருந்து 'ஒரு வருட கேரண்டி' என்று எழுத்து தெரிந்தது. "கரண்டு போனா எரியற எமர்ஜென்சி பல்பு. உள்ள பேட்டரி கீது. அடியில ரெண்டு புள்ளியையும் ஈரக்கை சேத்துத் தொட்டா எரியும். உன் வூட்டுலயும் ஒண்ணு தொங்குது. அதுக்குச் சந்தனம் பூசல, அதான் நீ கும்புடல."

சித்தர் கமண்டலத்தை மறந்துவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார். வழிமறித்தவர்களிடம், "பூபாலண்ணே கூப்டாருன்னுதான்பா வந்தேன், அவரையே கேளுங்க" என்றார். தெய்வத் தமிழ் போய், சொந்தத் தமிழ் வந்துவிட்டது.

பூபாலன் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஜாய்ஸ் அதிகாரி பக்கம் திரும்பினாள். "மேடம், பிளான் எங்க?"

"காரில் இருக்கிறது. யாரும் கேட்கவில்லையே" என்றார் சியாமளா.

கொண்டுவந்து தரையில் விரித்தார்கள். ஜாய்ஸ் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்தாள். திட்டத்தில் இடம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மேய்ச்சல் நிலம். மற்றது ஓடைக்கு அந்தப் பக்கம், புல் பூண்டு முளைக்காத சவுட்டு நிலம். எதில் வைக்கலாம் என்று ஊர்தான் சொல்ல வேண்டுமாம். சவுட்டு நிலத்தை ஒட்டிப் பூபாலன் பிளாட் போட்டு விற்கிறான் என்பதைப் பிளான் சொல்லவில்லை. அதை ஊரே சொன்னது; பக்கத்தில் தகடு வந்தால் பிளாட் விலைபோகாது என்பதையும் சேர்த்து.

"கரண்டு வரட்டும், நல்லா வரட்டும்" என்றாள் காசியம்மாள். "சவுட்டுல வெச்சிக்க சொல்லு. அந்தத் தகட்டை என் ஆடு ஒண்ணும் நக்காது."

கைகள் உயர்ந்தன. சியாமளா, 'ஒருமனதாக' என்று முன்பு எழுத இருந்த இடத்தில், இந்த முறை தலைகளை எண்ணிவிட்டு எழுதினார்.

சின்னையன் மட்டும் இன்னும் குட்டியின் அருகில் உட்கார்ந்து அதன் காதருகே குனிந்தான். "சாமி, அடுத்த கூட்டம் எப்போ சாமி?"

ஜாய்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"ஆட்டை எதுக்கு அண்ணாத்தே கேக்குற? ஆபீசரு எதுருலதானே கீறாங்க. உனக்கும் வாய் கீது."