வெங்காயக் கொட்டிலில் பாதி வழியில் நின்ற நித்திரை

அரைகுறையாகத் தெரிந்த வேலையில் கை வைக்க நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. என் தங்கை ஷாமினி நேர் எதிர். முழுதாகத் தெரிந்த வேலையைக்கூட மூன்று தரம் சரிபார்ப்பாள். (ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் சனம் நம்பாது.)

வெங்காயம் சேமித்து வைக்கும் கொட்டிலின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து கைபேசிக்கு அனுப்பும் பெட்டி ஒன்றை அவள் ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். உள்ளே ஒரு குட்டிக் கணினி. பற்றரி நாள்பட நிற்க, அது அளந்து முடித்ததும் நித்திரைக்குப் போய், நேரத்துக்கு எழும்ப வேண்டும். அதை நடத்துவது கேர்னல் என்ற அடிமட்ட மென்பொருள். சுன்னாகம் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒரு சனிக்கிழமை கொண்டுவந்து காட்டச் சொன்னது. பிடித்தால் எல்லாக் கொட்டிலுக்கும் வாங்குவார்கள். பிடிக்காவிட்டால் இதை மூட்டை கட்டிவிட்டுக் கொழும்பில் வேலைக்குப் போவதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் கடைக்குப் போன நேரம் நான் அவளுடைய கணினியைத் திறந்தேன். (ஒரு புடவைக்கடைக்கு இணையத்தளம் செய்தவன் நான். கேர்னல் எம்மாத்திரம்!) அளவுமானிகள் அந்தக் குட்டிக் கணினியோடு பேசும் பாதை ஒன்று இருந்தது. அளவுமானிகள் எல்லாம் படுத்த பிறகே அந்தப் பாதை படுக்க வேண்டும் என்று ஒரு வரி. பற்றரிக்கு வீண் செலவு என்று பட்டது. வரியைத் தூக்கிவிட்டு, பாதையை முதலில் அணைக்க வைத்து, பெட்டியிலும் ஏற்றிவிட்டேன். மேசையில் வயர் மின்சாரத்தில் அது தூங்குவதே இல்லை என்பதால் பிழை ஒன்றும் தெரியவில்லை. தங்கைக்குச் சொல்லாமல் நல்லது செய்த பூரிப்பில் நன்றாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை, கொட்டிலில் இருபது விவசாயிகளுக்கு முன் பெட்டி அளந்தது, அனுப்பியது, படுக்கப் போனது. எழும்பவில்லை. நான் தட்டினேன், குலுக்கினேன், ஊதியும் பார்த்தேன்.

"தம்பி, உது நித்திரையோ, செத்துப் போச்சோ?" என்றார் சங்கத் தலைவர்.

ஷாமினி ஒரு சாக்கில் குந்தி, மின்சாரம் கொடுக்காமல் செய்தி மட்டும் கொண்டுவரும் வயரைத் தன் கணினியில் பூட்டி, பெட்டியை மறுபடி ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயா, தோட்டத்துக்கு இறைக்கேக்கை, பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுறவர் கடைசிப் பாத்தியை முடிக்க முன்னம் தண்ணி மெஷினை நிப்பாட்டுவியளோ?" என்று தலைவரிடம் கேட்டாள்.

"விசரே பிள்ளை? அந்தாள் மண்வெட்டியோடை பாத்துக்கொண்டெல்லோ நிக்க வேணும்!"

"இதுக்கையும் அப்பிடித்தான். அளவுமானி பேசுற பாதைதான் மெஷின், அதை முதல் நிப்பாட்டிப் போட்டம். அளவுமானி 'நான் படுக்கிறன்' எண்டு சொல்ல வழியில்லாமல் நிக்குது. மெஷின் முதல் எழும்ப வேணும், கடைசியாப் படுக்க வேணும். பிழை எங்கடை ஐயா, இப்ப திருத்திறன்."

ஒரு வருஷ உழைப்பு கண் முன்னே போய்க்கொண்டிருக்கும்போதும் அவள் வாயில் என் பெயர் வரவில்லை. அவ்வளவு பேருக்கு முன்னால் எனக்கு அழுகை வந்தது. (வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.)

வரியைத் திருப்பிப் போட்டாள். பெட்டி படுத்தது, எழும்பியது. மறுபடி படுத்தது, எழும்பியது. தலைவர் எழுந்து நின்றார்.

"எல்லாக் கொட்டிலுக்கும் போடு பிள்ளை. ஆர் செய்த பிழையெண்டு நான் கேக்கேல்லை. ஆனா பெட்டியளைப் பூட்ட வரேக்கை தம்பியைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம்."

இன்று அவளுடைய நிரலில் அந்த வரிக்கு மேலே "அண்ணை, தொடாதேங்கோ" என்று எழுதியிருக்கிறது. அதை அம்மா எப்படியோ அறிந்துவிட்டார். நான் குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தாலும் அதைத்தான் சொல்கிறார். என் கலியாணத்தில் கேக் வெட்டக் கத்தியை எடுத்தபோது முழுக் குடும்பமும் ஒரே குரலில் அதையே சொன்னது. அது என்ன கதை என்று மனைவி கேட்டாள். ஒன்றும் விடாமல் சொன்னேன். என் தங்கை எப்பேர்ப்பட்டவள் என்று காட்ட என்னிடம் இதைவிட நல்ல கதை இல்லை.