சாவித்ரம்மா வாசலில் ஒரு ‘ஹேலி’

எங்கள் பெங்களூர் மர்பி டவுன் தெருவில் குல்மொஹர் மரம் டிரான்ஸ்பார்மர் மேல் சாய்ந்து, மூன்று நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அதற்கு அடுத்த வாரம்தான் எனக்குப் பல்செட் கட்டினார்கள். (மரம் விழுந்ததற்கும் பல் விழுந்ததற்கும் சம்பந்தமில்லை. எனக்குத் தேதி ஞாபகம் இருக்காது, விழுந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும்.)

அப்போது வீட்டில் நானும் மேஜரும்தான். மேஜர் என் மகள் வளர்த்த நாய். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது, “அப்பா, இவனப் பாத்துக்கோ” என்றாள். அவனிடமும் அதையேதான் சொல்லியிருப்பாள். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு என்னிடம் பேசுகிற மனுஷி ஒருத்திதான்: எதிர்வீட்டு சாவித்ரம்மா. கன்னடக்காரி. காலையில் கோலம் போட்டுக்கொண்டே, “திண்டி ஆய்தா, முனுசாமியவ்ரே?” என்பாள். டிபன் ஆச்சா என்று அர்த்தம். ஆறு மணிக்கு எவன் டிபன் சாப்பிடுவான்? இருந்தாலும் “ஆய்து, ஆய்து” என்பேன். அந்தக் கேள்விக்காகவே மேஜரை அந்தப் பக்கமாகக் கூட்டிப்போவேன்.

மேஜர் போனதை நான் அள்ளியதே இல்லை. அவன் உட்கார்ந்ததும் அண்ணாந்து தேங்காய் எண்ணுவேன். (எங்கள் தெருவில் தென்னை மரமே கிடையாது.)

பல்செட் மாட்டிய மறுநாள், சாவித்ரம்மா கோலப்பொடி எடுக்க உள்ளே போனாள். மேஜர் பாதிக் கோலத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டான். நான் தேங்காய் எண்ணினேன். வெறுங்காலோடு வந்தவள் நேராக அதையே மிதித்தாள்.

“முனுசாமியவ்ரே!”

தெருவே திரும்பிப் பார்த்தது. நான் ஒன்றும் அறியாதவன் போல, மரியாதையாக, “ஏனம்மா, ஹேளி” என்று சொல்லப் போனேன். ‘ஏனம்மா’ என்றால் கன்னடத்தில் ‘என்னம்மா’, ‘ஹேளி’ என்றால் ‘சொல்லுங்க’. புதுப் பல்லுக்குள் நாக்கு மடங்கவில்லை. ‘ஹேலி’ என்று வந்துவிட்டது. அதற்கு ‘பேலுங்க’ என்று அர்த்தம்.

“இன்னா நைனா, நாய் போனது பத்தாதா, அந்தம்மாவும் போவணுமா?” என்றார் இஸ்திரிக்காரர். தெருவே சிரித்தது. சாவித்ரம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கோலம் போட்டவள் தலை நிமிரவில்லை. அதற்கு அடுத்த நாளும். கேட்காத கேள்விக்கு நானே “ஆய்து, ஆய்து” என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மேஜரிடம் “திண்டி ஆய்தா?” என்று கேட்டேன். வாலை ஆட்டினான். திருப்பிக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் பொறுத்தேன். அப்புறம் பழைய பேப்பரோடு கிளம்பினேன். அவள் வாசலுக்கு நாலடி தள்ளி மேஜர் உட்கார்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குனிந்தேன். பல்செட் கழன்று விழுந்தது. (எதன் மேல் என்று கேட்காதீர்கள்.) எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி மடித்துக்கொண்டு, வெறும் வாயோடு அவள் முன்னால் போய் நின்றேன்.

“தப்பாய்தம்மா. திட்டணும்னா ஹேளி.”

‘ளி’ சுத்தமாக வந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

“ஹல்லு எல்லி?” பல் எங்கே என்கிறாள்.

கையில் இருந்த பொட்டலத்தைக் காட்டினேன். கோலப்பொடி கொட்டக் கொட்டச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திண்டி ஆய்தா?” என்றாள்.

“இன்னும் இல்லம்மா” என்றேன். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன்.

இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து, இன்றைக்கும் மகள் போன் பண்ணினால் “அப்பா, ஹேலி” என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

நாய் வளர்க்கிற யாரையாவது பார்த்தால் சொல்லுங்கள்: பேப்பரோடு போங்கள், அள்ளிவிட்டு வாருங்கள். மிதிக்கிறவர், உங்களைச் சாப்டாச்சா என்று கேட்கிற ஒரே ஆளாக இருக்கலாம். கன்னடத்தில் சொல்வதானால் மட்டும் நாக்கை நன்றாக மடித்துக்கொள்ளுங்கள்.